சீனியம்மா பகல்ல தூங்குன கதை

ஒரு ஊர்ல ஒரு சீனியம்மா இருந்தா. அவளுக்குத் தூங்கணும். அவ்வளவுதான் கதை. ம் சொல்லு.

அட, எந்திரிக்காத, படு. இன்னும் இருக்கு. நான் ஒண்ணு சொன்னா நீ ஒரு ம் கொட்டணும். ம் வரலன்னா நீ தூங்கிட்டேன்னு நான் பாட்டுக்கு நிறுத்திருவேன். எனக்கும் இன்னைக்கு உடம்பு முடியல. காலையிலயிருந்து நின்ன காலு, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.

ம்.

அந்த ஊர்ல ஒரு பஞ்சு மில்லு. சீனியம்மா அதுல ராத்திரி ஷிப்டு. மத்தவங்களுக்கெல்லாம் மாத்தி மாத்தி வரும், இவளுக்கு மட்டும் எப்பவும் ராத்திரிதான். ஏன்னா ராத்திரி ஷிப்டு கேட்டு யாரும் வர்றதில்ல, வந்தவளை அவங்க விடுறதுமில்ல. அங்க வேலை என்னன்னா, நீள மெஷினு, அது முழுக்க நூலு ஓடிக்கிட்டு இருக்கும். இழை அறும். ஓடிப் போய் விரலால எடுத்து ஒட்டணும். ஒட்டிட்டு நிமிர்ந்தா அந்தக் கோடியில ஒண்ணு அறும். அங்க ஓடணும். அப்புறம் இங்க அறும். விடிய விடிய இதே வேலை. மெஷினு சும்மா ஓடுமா, ஙொய்ய்ய்ங்குன்னு ஒரே இரைச்சல். பக்கத்துல நிக்கிறவ என்ன சொல்றான்னு அவ வாயைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

காலையில சங்கு ஊதும். சீனியம்மா வெளிய வருவா. தலை மயிரெல்லாம் பஞ்சு. காதுக்குள்ள அந்த ஙொய்ங் அப்பிடியே இருக்கும். வீட்டுக்கு வந்து, தலைக்கு ஊத்தி, ரெண்டு வாய் பழைய சோத்தைத் தின்னுட்டு, கதவைச் சாத்தி, பாயை விரிச்சு, அப்பாடான்னு தலையைக் கீழ வெப்பா.

அப்போ ஆரம்பிக்கும்.

கொர்ர்ர். டொப் டொப். அலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு, ரெண்டு, மூணு.

ம்.

அவ குடியிருந்த தெருவுக்கு நடுவுல ஒரு தண்ணி டேங்கு. அதுல எப்பவும் ஒரு பெரிய குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். கோயில் கொடைத் திருவிழான்னா குழாய். கல்யாணம்னா குழாய். சடங்கு, காதுகுத்து, பால் காய்ச்சுறது, எவனோ ஒருத்தன் புது டூவீலர் வாங்குனா அதுக்கும் குழாய். அந்தத் தெருவுல பத்திரிகை வெச்சு வீடு வீடாப் போய்க் கூப்பிடுற பழக்கமே கிடையாது, தெரியுமா உனக்கு? குழாய்தான் கூப்பிடும்.

அது ஏன்னா, ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஒரு கல்யாணத்துக்கு வீடு வீடாப் போய்க் கூப்பிட்டிருக்காங்க. கூப்பிட்டவரு வெயில்ல போன மயக்கத்துல ஒரே ஒரு வீட்டை விட்டுட்டாரு. அவ்வளவுதான், பன்னெண்டு வருஷம் சண்டை. ஒருத்தர் வீட்டு இழவுக்கு இன்னொருத்தர் போகல. அப்புறம் பெரியவங்க எல்லாரும் உக்காந்து பேசி, இனிமே யாரும் யாரையும் நேர்ல கூப்பிட வேணாம், குழாய் கட்டிருவோம், குழாய்ச் சத்தம் எல்லா வீட்டுக்கும் ஒண்ணாக் கேட்கும், யாருக்கும் மனக்குறை வராதுன்னு முடிவு பண்ணாங்க. முதல் பாட்டுக்குக் குளிக்கணும். ரெண்டாம் பாட்டுக்கு உடுத்தணும். மூணாம் பாட்டுக்குக் கிளம்பணும். தேதி எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், இருந்தாலும் மூணாம் பாட்டு காதுல விழுந்தாத்தான் கூப்பிட்ட மாதிரி. விழலன்னா, கூப்பிடல.

நல்ல ஏற்பாடுதான். இவளுக்குத்தான் ஆகல.

தூக்கம் இல்லாம மில்லுல என்ன ஆகும்? நின்னுக்கிட்டே கண்ணு சொருகும். ஒரு நாள் மேஸ்திரி பார்த்துட்டாரு. ஏம்மா, மெஷினு உன் விரலை இழுத்துச்சுன்னா நீ பொறுப்பா நான் பொறுப்பான்னு கேட்டாரு. அந்த மனுசன் கெட்டவரும் இல்ல. அவருக்கும் மேல ஒருத்தர் இருக்காரு, அந்த ஒருத்தருக்கும் மேல ஒருத்தர் இருக்காரு. ஒரு தடவை விட்டேன், ரெண்டாவது தடவையும் விடுவேன், மூணாவது தடவை கேட்டுக்குள்ளயே காலை வெக்காதன்னு சொல்லிட்டாரு. வேலை போனா சீனியம்மா மக ஒருத்தி ஹாஸ்டல்ல தங்கி நர்சுக்குப் படிக்கிறா, அவ படிப்பை நிறுத்திட்டு வரணும். வந்து அவளும் அதே மில்லுக்குத்தான் போகணும்.

என்னது? ஏன் அவ தெருக்காரங்ககிட்ட சொல்லல, அதானே? கேக்குறியே, இதைத்தான் நானும் கேக்குறேன். ஒரு வார்த்தை, எனக்குத் தூங்கணும்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ஏன்னா அந்தப் பக்கமெல்லாம் பகல்ல படுக்குற பொம்பளைன்னா ஒரு பேச்சு. வீடு விளங்காது, லட்சுமி தங்கமாட்டா, சோம்பேறி முண்டைன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க. வீட்டுக்காரம்மா குடிவெக்கும்போதே, பகல்ல படுக்குற பழக்கம் உண்டா உனக்குன்னு கேட்டு, சீனியம்மா இல்லைன்னு தலையாட்டித்தான் சாவியை வாங்குனா. அவ ராத்திரி மில்லுக்குப் போறது தெருவுக்கே தெரியும். ஆனா போறவ எப்போ தூங்குவான்னு ஒரு ஆளும் யோசிக்கல. அவளும் கதவை உள்பக்கம் சாத்திக்கிட்டு, யாராவது தட்டுனா முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, அரிசி புடைச்சுக்கிட்டு இருந்த மாதிரி வந்து நிப்பா.

ம்.

அப்புறம் ஒரு நாள் பொறுக்க முடியாம, மைக் செட்டு தங்கப்பழத்துகிட்ட போனா. தங்கப்பழம் நல்ல மனுசன். இருபது வருஷம் குழாய்க்குக் கீழயே உக்காந்திருந்து அவருக்குக் காது பாதி போயிருச்சு, அதனால எது பேசினாலும் கத்தித்தான் பேசுவாரு. சீனியம்மா தலைவலின்னு சொன்னா. தூக்கம்னு சொல்லல பாரு. தலைவலி, குழாய் நேரா என் வீட்டைப் பார்த்து இருக்கு, கொஞ்சம் திருப்பி வெக்கிறீங்களான்னு கேட்டா.

அதுக்கென்னம்மான்னு தங்கப்பழம் டேங்கு மேல ஏறி, கிர்ர்ர்க்னு குழாயை மேற்கால திருப்பி வெச்சாரு. சீனியம்மா போய்ப் படுத்தா. கண்ணு மூடுச்சு. அப்போ மேற்கு வீட்டுலருந்து ஒருத்தி ஓடி வந்தா. என் வீட்டுல பச்சைப் புள்ள கிடக்கு, குலுங்கிக் குலுங்கி அழுவுது, திருப்புங்கன்னா. கிர்ர்ர்க். தெற்கால திரும்புச்சு. தெற்கு வீட்டுல பிளஸ் டூ படிக்கிற பொண்ணு, மறுநாள் பரீட்சை. கிர்ர்ர்க். வடக்கால. வடக்கு வீட்டுல ஒரு தாத்தாவுக்கு நெஞ்சுவலி, டாக்டரு சத்தமே ஆகாதுன்னு சொல்லியிருக்காரு. தங்கப்பழம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மேல ஏறுறாரு, எறங்குறாரு, ஏறுறாரு, எறங்குறாரு. கடைசியில களைச்சுப் போய்க் குழாயைப் பிடிச்சுக்கிட்டு யோசிச்சாரு. பச்சைப் புள்ளைக்கு ஒரு நியாயம் இருக்கு. பரீட்சைக்கு ஒரு நியாயம் இருக்கு. நெஞ்சுவலிக்கும் இருக்கு. தலைவலி தாங்கிக்கிற சமாச்சாரம்தானே. கிர்ர்ர்க். திரும்பவும் சீனியம்மா வீட்டுப் பக்கமே வந்து நின்னுச்சு.

அன்னைக்கு ராத்திரி மில்லுல ரெண்டாவது தடவை கண்ணு சொருகுச்சு. மேஸ்திரி வந்து பார்த்தாரு. ரெண்டு விரலைக் காட்டிட்டுப் போயிட்டாரு.

ம்... தூங்கிட்டியா? இல்லையா? சரி, கேளு.

அப்புறம் அவ தெருத் தலைவருகிட்ட போனா. அவரும் காதைக் குடுத்துத்தான் கேட்டாரு. உண்மைதாம்மா, சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கிட்டேதான் போகுது, இதை ஊர்க்கூட்டத்துல வெச்சுப் பேசிருவோம்னு சொன்னாரு. சீனியம்மாவுக்கு அப்பாடான்னு இருந்துச்சு. மறுநாள் மில்லுலருந்து வந்து, குளிச்சு, பாயைப் போட்டா. கொர்ர்ர். டொப் டொப். அன்பார்ந்த பொதுமக்களே, இன்று மாலை ஐந்து மணிக்கு, நமது தெருவில் சத்தத்தைக் குறைப்பது சம்பந்தமாக, மாபெரும் கூட்டம், அனைவரும் வருக. காலையில எட்டு மணியிலருந்து நாலரை வரைக்கும், கால் மணிக்கு ஒரு தடவை. நடுநடுவுல பாட்டு.

சிரிக்கிறியா. அவ அழுதா, தெரியுமா. பாய்ல உக்காந்துக்கிட்டு, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, சத்தம் வராம அழுதா.

கூட்டத்துக்கு எல்லாரும் வந்தாங்க. சத்தம் கெடுதல்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தர் எந்திரிச்சு, கோயில் கொடையை மட்டும் இதுல சேர்க்கக் கூடாதுன்னாரு. சரின்னாங்க. இன்னொருத்தர், கல்யாணம் ஆயுசுல ஒரு தடவைன்னாரு. அதுவும் சரி. காதுகுத்து புள்ளைக்கு ஒரு தடவைதான். சடங்கும் அப்பிடித்தான். சாவு அதைவிட, ஒரே தடவைதான். எலெக்‌ஷனை நாம தடுக்க முடியாது. கடைசியில கணக்குப் பார்த்தா, குழாய் கட்டக் கூடாத நாளுன்னு மழை பெய்யுற நாளு மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு. அன்னைக்கு எப்பிடியும் குழாய்க்கு ஆகாது.

அப்போ தலைவரு, இவ்வளவு நேரமா ஓரத்துல உக்காந்திருந்த சீனியம்மாவைப் பார்த்து, நீ சொல்லும்மா, உனக்கு என்ன கஷ்டம்னு கேட்டாரு. எத்தனை முகம் திரும்பிப் பார்த்துச்சு, வீட்டுக்காரம்மா முகமும் அதுல இருந்துச்சு. சீனியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டா. தலைவலிங்கன்னா. தைலம் தடவிப் பாரேன்னு நாலு பேரு நாலு தைலம் சொன்னாங்க. தலைவலியோட வந்து உக்காந்திருக்குற பொம்பளையை வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு தலைவரு ஒரு முடிவு சொன்னாரு. திருகு இனிமே பாதிதான். எந்த விசேஷம்னாலும் தங்கப்பழம் சத்தத் திருகைப் பாதிக்கு மேல திருகக் கூடாது.

பாதி திருகு. அதுவே பெருசுன்னு அவ வீட்டுக்குப் போனா.

ம் சொல்லு கண்ணு, இனிமேதான் கதை.

பாதி திருகுல நடந்த முதல் விசேஷம் பவுனுத்தாய் வீட்டுக் காதுகுத்து. பவுனுத்தாய் மூணு வீடு தள்ளி இருக்கா, அவளுக்கு ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. காதுகுத்துன்னா யாரு மடியில வெச்சுக் குத்தணும்? தாய்மாமன் மடியில. தாய்மாமன் பேரு காசிலிங்கம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டத்துல அவரு வீடு. ஒரு மைல் இருக்கும். முழுத் திருகு வெச்சாத்தான் பாட்டு அங்க வரைக்கும் போகும்.

அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, காலையில குழாய் பாதித் திருகுல பாடுச்சு. சீனியம்மா மில்லுலருந்து வந்து படுத்தா. பாட்டு கேட்டுச்சு, ஆனா தூரத்துல யாரோ பாடுற மாதிரி மெதுவா. அப்பிடியே கண்ணு இழுத்துக்கிட்டுப் போச்சு. எத்தனையோ நாளைக்கு அப்புறம் முதல் தடவையா உடம்பு பாயோட பாயா ஒட்டுச்சு.

படார் படார் படார்.

கதவுதான். தொறந்தா பவுனுத்தாய், புதுப்புடவை, கண்ணெல்லாம் சிவந்து. பின்னாடி பத்துப் பேரு. எங்க அண்ணன் வரல. மூணாம் பாட்டு முடிஞ்சு ஒரு மணி நேரமாச்சு. போன் போட்டா எடுக்க மாட்டேங்குறாரு. குழாய் அவருக்குக் கேட்கல, கூப்பிடலன்னு உக்காந்துட்டாரு. உன் தலைவலிக்காக என் அண்ணன் உறவை அறுத்துட்டியே. இப்பிடி. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பேசுறாங்க. தங்கப்பழம்கூட குறுக்க வந்து, வேணும்னா இப்போ முழுசாத் திருகிரவான்னு கத்துனாரு. இனிமே திருகி என்ன, பந்தி முடிஞ்சு கை கழுவுனப்புறம் விருந்தாளியைக் கூப்பிட்ட மாதிரி இருக்கும்னு யாரோ சொன்னாங்க.

சீனியம்மா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நின்னா. அவளுக்குக் கோபம் வரல, அதுக்கும் தெம்பு வேணும்ல. நான் போய்க் கூட்டிக்கிட்டு வர்றேன்னா. செருப்பை மாட்டுனா. நடந்தா.

வெயிலு. பங்குனி வெயிலு. தார் ரோடு கண்ணைக் கூசுது. கால் அது பாட்டுக்குப் போகுது, தலை பின்னாடி வருது. ரயில்வே கேட்டு சாத்தியிருந்துச்சு. தடதட தடதடன்னு ஒரு கூட்ஸு வண்டி, முடியவே இல்ல. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ, அந்தப் பெட்டி ஒவ்வொண்ணும் போறதைப் பார்த்துக்கிட்டே தூங்கிட்டா. கேட்டு தூக்குனப்போ கம்பியோட சேர்ந்து கையும் மேல போச்சு, அதுல முழிச்சுக்கிட்டா.

காசிலிங்கம் வாசல்ல சேரு போட்டு உக்காந்திருந்தாரு. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. பக்கத்துல ஒன்பது சீர்த்தட்டு, பழம், பூ, புள்ளைக்குப் பட்டுப் பாவாடை, குட்டியூண்டு தங்கத் தோடு, எல்லாம் அடுக்கி வெச்சு மேல துணி போட்டு மூடியிருக்கு. விடியக்காலையிலருந்து அப்பிடியே உக்காந்திருக்காரு மனுசன். போகணும்னு ஆசை. மானம் விடமாட்டேங்குது. அவரு பொஞ்சாதி உள்ள நின்னு எட்டி எட்டிப் பார்க்குது.

அண்ணே வாங்க, புள்ள உங்க மடிக்காகக் காத்திருக்குன்னா சீனியம்மா.

மூணாம் பாட்டு கேட்கலம்மான்னாரு அவரு.

திருகைக் குறைச்சிருக்காங்கண்ணே. அதான் கேட்கல. பாடுச்சு, நான் சாட்சின்னா.

குறைச்சது யாரு?

நாந்தான் குறைக்கச் சொன்னேன்.

ஏன்னு கேட்டாரு. கோபமா இல்ல, தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டாரு. அவ வாயைத் தொறந்தா. தலைவலின்னு சொல்ல வந்தா. அந்த வார்த்தையை இத்தனை தடவை தூக்கித் தூக்கி அவளுக்குக் கை அசந்து போச்சு. பொய் சொல்லவும் உடம்புல கொஞ்சம் பலம் வேணும்ல, அது அவகிட்ட அன்னைக்கு இல்ல.

"எனக்குத் தூங்கணும்ண்ணே. ராத்திரி மில்லுக்குப் போறேன், பகல்லதான் தூங்கணும். ரெண்டு வருஷமா நான் தூங்கல."

அவ்வளவுதான் சொன்னா. அவரு பொஞ்சாதி, அய்யோ நிக்குறியேன்னு அவளை வாசப்படிக்கு உள்ள கூட்டி, ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுட்டு, மோர் எடுக்க உள்ள போச்சு. சொம்போட திரும்பி வந்து பார்த்தா, சீனியம்மா தூங்கிட்டா. உக்காந்த மேனிக்கே, தலை ஒரு பக்கமா சாஞ்சு, வாய் லேசாத் தொறந்து. காசிலிங்கம் ஒரு தடவை இருமிப் பார்த்தாரு. கரக் கரக். அசையல. அங்க குழாய்ச் சத்தம் கிடையாதுல்ல. பம்பு செட்டுகூட ஓடல. ஒரு காக்கா கத்துச்சு, அதையும் அந்தம்மா சூன்னு விரட்டிருச்சு.

ம்.

அப்போ அந்தக் கோடியில ஒரே தூசி. பவுனுத்தாய் வர்றா. போனவளையும் காணோம், அண்ணனையும் காணோம், நல்ல நேரம் போய்க்கிட்டே இருக்கு. புள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டு, பின்னாடி காது குத்துற ஆசாரி, அதுக்குப் பின்னாடி பந்தல்ல இருந்த சனம் பூரா, சண்டை பார்க்கவோ சமாதானம் பார்க்கவோ, கிளம்பி வந்துருச்சு. வர்றப்பவே கத்திக்கிட்டு வர்றாங்க.

காசிலிங்கம் எந்திரிச்சு வாசப்படியை மறிச்சு நின்னாரு. விரலை வாயில வெச்சாரு. உஸ்ஸ்.

அம்பது பேரும் அப்பிடியே நின்னுட்டாங்க. என்னண்ணே, யாருக்கு என்னன்னு பவுனுத்தாய் பதறிப் போய் கேட்டா.

"உள்ள ஆள் தூங்குது."

அவரு குசுகுசுன்னு தங்கச்சிகிட்ட சொன்னாரு. இந்த வெயில்ல ஒரு மைல் நடந்து வந்து என்னைக் கூப்பிட்டிருக்கா. எனக்கு நாப்பது வயசாச்சு, என்னை ஒரு மனுசி நடந்து வந்து கூப்பிட்டது இதான் முதல் தடவை. மூணாம் பாட்டு என்னைக்காவது நம்ம வாசல்ல வந்து களைச்சு உக்காந்திருக்கா? நீ புள்ளையைக் குடு, இங்கயே குத்திருவோம். இவளை எழுப்ப என்னால முடியாது.

பவுனுத்தாய் உள்ள எட்டிப் பார்த்தா. திட்டத்தான் வந்தா. பார்த்தா, மில்லுப் பஞ்சு தலையில இன்னும் ரெண்டு மூணு ஒட்டியிருக்கு. கால்ல வெடிப்பு. கண்ணுக்குக் கீழ கருகருன்னு பள்ளம். தூங்குறவளை அன்னைக்குத்தான் தெரு முதல் தடவையாப் பார்க்குது. அதுவரைக்கும் சாத்துன கதவைத்தான் பார்த்திருக்காங்க.

அப்புறம் என்ன, காசிலிங்கம் சம்மணம் போட்டு உக்காந்தாரு, புள்ளையை மடியில வெச்சாங்க. ஆசாரி கம்பியைக் கையில எடுத்தாரு. எல்லாரும் புள்ளையைப் பார்க்குறாங்க, சீனியம்மாவைப் பார்க்குறாங்க, புள்ளையைப் பார்க்குறாங்க. குத்துனாரு. வீஈஈல்ல்னு அழுதுச்சு பாரு ஒரு அழுகை. அதை மட்டும் யாரும் உஸ்னு சொல்லல. பாவம், அதுக்கு வலிக்கும்ல.

சீனியம்மா முழிக்கல. ஆனா அவ கை அசைஞ்சுச்சு. மடியில கிடந்த விரல் ரெண்டும் தானா எழுந்து, காத்துல எதையோ தேடிப் பிடிச்சு, ஒட்டுச்சு. விட்டுச்சு. திரும்பவும் தேடுச்சு, பிடிச்சு ஒட்டுச்சு. அங்க இருந்தவங்க யாருக்கும் அது என்னன்னு புரியல. கூட்டத்துல ஒரு காலத்துல மில்லுக்குப் போயிட்டிருந்த ஒரு கிழவி இருந்துச்சு, அதுதான் மெதுவாச் சொல்லுச்சு. இழை அறுந்துருச்சுடி அவளுக்கு. தூக்கத்துலயும் வேலை பார்க்குறா.

பவுனுத்தாய் போய் அவ பக்கத்துல தரையில உக்காந்தா. காலையில படார் படார்னு கதவைத் தட்டுன கையி அது. அந்தக் கையால சீனியம்மா விரல் ரெண்டையும் பிடிச்சு மடியில வெச்சுக்கிட்டா. விரல் கொஞ்ச நேரம் திமிறிட்டு, அப்புறம் அடங்கிருச்சு.

சோறு அங்கயே வந்துச்சு, அண்டாவைத் தரையில வெக்கிறப்போ டங்குன்னு கேட்கக் கூடாதுன்னு அடியில சாக்கை விரிச்சு எறக்குனாங்க. எல்லாரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டே சாப்பிட்டாங்க. குழாய் இல்லாததால பக்கத்து இலைக்காரன் என்ன சொல்றான்னு அன்னைக்குத்தான் அவங்களுக்கே காதுல விழுந்துச்சு. பாயாசத்துக்கு உப்புப் போட்டிருக்குன்னு யாரோ சொல்ல, அம்பது பேரும் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க.

சாயங்காலம் காசிலிங்கம் பொஞ்சாதி தோள்ல கையை வெச்சு மெல்ல எழுப்புச்சு. சீனியம்மா பதறி எந்திரிச்சா. எல்லாரும் போயிருந்தாங்க, பவுனுத்தாய் மட்டும் பக்கத்துல, புள்ளை மடியில தூங்குது. என்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா, தூங்கணும்னுன்னு கேட்டா. சீனியம்மாவுக்கு முகத்தை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல.

"வெக்கமா இருந்துச்சும்மா."

பவுனுத்தாய் புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சா. பகல்ல படுக்குற பொம்பளையைப் பத்தி அவளும் அந்தப் பேச்சுப் பேசுனவதானே. நேரமாயிருச்சு, மில்லுக்குப் போகணும்லன்னு சொல்லி, மிச்சமிருந்த சோத்தை ஒரு தூக்குல போட்டுக் கையில குடுத்தா.

அன்னைக்கு ராத்திரி மேஸ்திரி நாலு தடவை அந்தப் பக்கம் வந்தாரு. நாலு தடவையும் சீனியம்மா முழிச்சுத்தான் நின்னா.

ம்... குரலு தேஞ்சுக்கிட்டே போகுது உனக்கு.

அதுக்கப்புறம் எல்லாம் சரியாச்சான்னு கேட்டா, இல்ல கண்ணு. பொய் சொல்ல மாட்டேன். கோயில் கொடைக்குப் பத்து நாளும் குழாய் உண்டு, அந்தப் பத்து நாளும் அவளுக்கு நரகம்தான். எலெக்‌ஷன் வந்தா வந்ததுதான். பகல்ல படுக்குறாளாமேன்னு வீட்டுக்காரம்மா ரெண்டு வாரம் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்துச்சு. ஆனா காசிலிங்கம் ஊரெல்லாம் ஒண்ணைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு, என்னை ஆளு நடந்து வந்து கூப்பிட்டாங்கன்னு. அதைக் கேட்டு மத்தவங்களுக்கும் ஆசை வந்துருச்சு. அவருக்கு மட்டும் ஆளு, எனக்குக் குழாயான்னு கேட்க ஆரம்பிச்சாங்க. அப்போ விசேஷ வீட்டுக்காரங்க வேற வழி இல்லாம நடக்க ஆரம்பிச்சாங்க. யாரையும் விட்டுறக் கூடாதுன்னு பயந்து பயந்து, ரெண்டு ரெண்டு பேரா, எல்லா வாசலுக்கும். நடந்து கூப்பிட்டப்புறம் குழாய்க்கு அவ்வளவா வேலை இல்ல. தங்கப்பழம் பந்தலும் சேரும் போட ஆரம்பிச்சாரு.

அப்புறம் ஆவணியில காசிலிங்கம் வீட்டுல ஒரு விசேஷம். வெத்தலை பாக்கு, குங்குமச் சிமிழோட தாம்பாளத்தைக் கையில தூக்கிக்கிட்டு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துலருந்து நடந்து வந்தாரு. சீனியம்மாவைக் கூப்பிட வந்தாரு. பதினோரு மணி இருக்கும். கதவு சாத்தியிருந்துச்சு.

தட்டப் போனவரு கையை எடுத்துக்கிட்டாரு. எதிர்த்தாப்புல டேங்கு நிழல்ல போய் உக்காந்தாரு, தாம்பாளத்தை மடியில வெச்சுக்கிட்டு. தெருவுல போறவங்க எல்லாரும், என்ன மாமா வெளியவே உக்காந்திருக்கீகன்னு கேட்டாங்க. உப்பு விக்கிறவன் மைக்கைத் தூக்கிக்கிட்டு வந்தான், அவனை அந்த முக்குலயே கையைக் காட்டி நிறுத்துனாரு. எல்லாருக்கும் ஒரே பதிலுதான். உள்ள ஆள் தூங்குது. அதை அவரு மறைச்சுச் சொல்லல. எங்க அக்கா உள்ள பூசை பண்ணிக்கிட்டு இருக்குன்னு சொல்ற மாதிரி, மருவாதையாச் சொன்னாரு.

பன்னெண்டு ஆச்சு. ஒண்ணு ஆச்சு. நிழலு நகர்ந்துச்சு, அவரும் கூடவே நகர்ந்து உக்காந்தாரு. கதவு தொறக்கல. அவரு தட்டவும் இல்ல.

அப்புறம் அவ எந்திரிச்சாளா, விசேஷத்துக்குப் போனாளான்னு என்னைக் கேக்காத. அவ இன்னும் தூங்குறா. நாமளும் சத்தம் போட வேணாம். கதையும் கையைக் காலை நீட்டிருச்சு கண்ணு, நீயும் நீட்டிப் படு.